திறந்த கதவின் தயவு

சென்னை நகரப் பேருந்துகள் பலவற்றில் ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் காற்றழுத்தத்தின் வலுவால் முன்வாசற் கதவு மூடிக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் திறந்துகொள்ளும். விரல் ஒன்றின் அசைவுக்கு மேல் அதற்கு வேறு உழைப்பு வேண்டியதில்லை. ஆயினும் கதவுள்ள வண்டிகளே, கதவு என ஒன்று தமக்கு உண்டு என்பதை மறந்தவை போல வாசலைத் திறந்தபடி அண்ணாசாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் விரைவதை நாம் அடிக்கடி காண்கிறோம். படியில் இருவர் நிற்கிறார்கள். கம்பியைப் பிடித்த கையின் பலத்தில் மூன்றாமவர் வெளியே சாய்ந்திருக்கிறார். ஓட்டுநரின் இடப்புறக் கண்ணாடியில் இவை யாவும் தெரிகின்றன.

இது போக்குவரத்துத் துறையார் கவனிக்க வேண்டிய சில்லறைச் செய்தி, இதில் அறநெறி பேச என்ன இருக்கிறது என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு எந்த அளவு பொறுப்பாளி என்னும் பழைய வினா, ஏட்டிலும் மேடையிலும் எழுவதைவிடத் தெளிவாக இந்த வாசற்படியில் எழுவதாகவே நாம் கருதுகிறோம். ஆகவே சற்று நின்று ஆராய்வது வீண் அன்று.

முதலில் ஓட்டுநரின் பக்கத்தைக் கேட்போம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நீதியாகாது. முன்புறம் என்ஜின் அமைந்த வண்டியில் அவருடைய இடக்கைப் பக்கம் ஓர் அடுப்பு எரிவதற்கு ஒப்பாகும். கத்திரி வெயில் நாளில் அந்த அடுப்பருகே எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கு, திறந்த வாசலின் வழியே வரும் காற்று ஆறுதல் என்பதை மறுப்பவர் ஒருநாள் அந்த இருக்கையில் அமர்ந்து பார்க்கட்டும். அடுத்தது நேரம். கதவைத் திறந்து மூட நிறுத்தத்துக்கு ஐந்து வினாடி என்று கொண்டாலும், நாற்பது நிறுத்தங்கள் உள்ள ஒரு நடைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நெரிசலில் இழந்த நேரத்தை எங்கே மீட்பது என்று தவிக்கும் ஒருவருக்கு மூன்று நிமிடம் சிறிதன்று. மேலும், மக்கள் கதவை விரும்புவதில்லை. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் தொடங்கிய காலத்து வண்டிகள் பல கதவின்றியே ஓடின. அவற்றில் ஏறி இறங்கிப் பழகிய தலைமுறைக்கு மூடிய கதவு ஒரு பாதுகாப்பாகத் தோன்றாமல், முகத்தில் அறைந்த அவமதிப்பாகவே தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் விட வலிய காரணம் ஒன்று உண்டு. அது தயவு. சிக்னலில் வண்டி நிற்கும்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடிவருகிறார். "அண்ணே, அண்ணே" என்று கையை ஆட்டுகிறார். கதவு திறந்திருந்தால் அவர் ஏறிக்கொள்வார். அலுவலகத்தில் அரைநாள் சம்பளம் தப்பும். ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கொடுக்கிறார். ஏறியவர் நன்றியோடு பார்க்கிறார். நகர வாழ்வில் முன்பின் அறியாத இருவருக்கிடையே நிகழும் அன்பான செயல்கள் அரியவை. இது அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

தமிழகப் பேருந்துகளில் 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று எழுதியிருப்பதை அறியாதார் இல்லை. எதுகை நன்றாக அமைந்த எச்சரிக்கைதான். ஆனால் அது யாரை நோக்கிப் பேசுகிறது? பயணியை மட்டுமே. படியில் நிற்பவன் தன் சாவைத் தானே தேடிக்கொள்கிறான், நாம் சொல்லியாயிற்று, இனி அவன் பாடு என்னும் தொனி அதில் கேட்கிறது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டே அந்த வாசகத்தை எழுதிவைப்பது, கிணற்றுக்குச் சுவர் எழுப்பாமல் 'ஆழம் அதிகம்' என்று பலகை நடுவது போன்றது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு இதே செய்தியை வேறு வரிசையில் சொல்கிறது. வண்டியை ஓட்டுபவரோ, வண்டிக்குப் பொறுப்பாக இருப்பவரோ எவரையும் படியில் ஏற்றிச் செல்லலாகாது, ஏற்றிச் செல்ல அனுமதிக்கவும் கூடாது என்பது அதன் முதல் உட்பிரிவு. படியிலோ கூரையிலோ முன்மூடியிலோ எவரும் பயணம் செய்யலாகாது என்பது இரண்டாவது. முதலில் ஓட்டுபவர், பிறகே பயணி! சட்டம் வகுத்தோர் எண்ணித்தான் இவ்வாறு அமைத்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, அந்த வரிசை சரியானது என்றே நமக்குப் படுகிறது. ஏன் என்பதை விளக்குவதற்கு நம் பிக்ஹு நூல்களில் வரும் கிணற்று உதாரணத்தைக் காட்டிலும் பொருத்தமானது கிடைக்காது.

பொதுப் பாதையில் ஒருவன் கிணறு தோண்டுகிறான். மற்றொருவன் இன்னொருவருடைய ஆட்டை அந்தக் கிணற்றில் தள்ளுகிறான். ஆடு இறந்துவிட்டது. ஈடு கொடுக்க வேண்டியவர் யார்? தள்ளியவனே என்று சட்ட அறிஞர்கள் விடை தருவர். செயலை நேராகச் செய்தவனை 'முபாஷிர்' என்றும், அதற்குக் காரணமாக இருந்தவனை 'முதஸப்பிப்' என்றும் பிரித்து, இருவரும் சேர்ந்திருக்கும் இடத்தில் நேராகச் செய்தவன் தலையிலேயே பொறுப்பு விழும் என்று விதி வகுத்தனர். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிடப்பட்ட 'மஜல்லா' என்னும் உரிமைச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது. இதை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவிட்டால், ஓடும் பேருந்தில் தாவி ஏறித் தவறி விழுந்தவன் முபாஷிர், கதவைத் திறந்துவைத்த ஓட்டுநர் வெறும் முதஸப்பிப், ஆகவே அவர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பெழுதிவிடலாம். அவசரக்காரர்கள் எழுதுவதும் அப்படித்தான்.

ஆனால் அறிஞர்கள் அங்கே நிற்கவில்லை. ஆட்டை எவரும் தள்ளவில்லை, வழியோடு போன ஆடு தானே கால் தவறி விழுந்தது என்றால்? அப்போது இரண்டு நிலைகளைப் பிரித்தார்கள். தன் சொந்த நிலத்தில் கிணறு தோண்டியவன் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. பொதுவழியில், அதிகாரமுள்ளவர்களின் அனுமதியின்றித் தோண்டியவனோ கொடுத்தே ஆகவேண்டும். அவன் எவரையும் விழச்செய்ய எண்ணவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்திலேயே தோண்டியிருக்கவும் கூடும். இருந்தாலும் மக்கள் நடக்கும் பாதையில் உரிமையின்றிக் குழி ஒன்றை உண்டாக்கினான். விழுந்ததற்கு அவனே பதில் சொல்ல வேண்டும்.

ஓடும் பேருந்தின் திறந்த வாசல் இத்தகைய கிணறு. அதைத் திறந்துவைக்கச் சட்டம் அனுமதி தரவில்லை. அது இருக்கும் இடமோ பொதுமக்கள் காசு கொடுத்து நிற்கும் இடம். இப்போது விழுபவர்களைப் பார்ப்போம். வீரம் காட்டத் தொங்கும் இளைஞர்களே நம் மனக்கண்ணில் முதலில் தோன்றுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவது எளிது, திட்டுவது அதைவிட எளிது. ஆனால் திறந்த வாசலருகே நிற்பவர் அவர்கள் மட்டுமல்லர். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே எழுந்து வந்து, கம்பியை ஒரு கையாலும் பையை மறு கையாலும் பிடித்து நிற்கும் மூதாட்டியைக் காணாதவர் உண்டா? அவர் ஏன் முன்பே எழுகிறார்? நின்ற பிறகு எழுந்தால் வண்டி காத்திருக்காது என்பதைப் பல்லாண்டு அனுபவம் கற்பித்திருக்கிறது. அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். பெருநாள் கூட்டத்தில் மண்ணடிக்குத் துணி எடுக்கப் போய்த் திரும்பும் குடும்பம் ஒன்று. இவர்களில் எவரும் எதையும் தேடிக்கொள்ளவில்லை. பின்னாலிருப்பவர் ஒரு அடி நகர்ந்தால் முன்னாலிருப்பவர் படிக்குத் தள்ளப்படுகிறார். இங்கே தள்ளியவர் எவர் என்று கேட்டால் விடை கிடைக்காது. முபாஷிர் இல்லை, கிணறு மட்டுமே இருக்கிறது.

இயற்கை விதிகளையும் இங்கே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்பது நகரத்தில் வேகமே அன்று. ஆனால் அந்த வேகத்தில் வண்டி வினாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நகர்கிறது. படியிலிருந்து தரையில் பாதம் பட்டவுடன் கால் நிற்கிறது, உடல் நிற்பதில்லை. நம் நாட்டில் வண்டி சாலையின் இடப்புறம் ஓடுகிறது, வாசலும் இடப்புறமே. வண்டி வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் உள்ளே நிற்பவர்களின் உடல்கள் இடப்பக்கம், அதாவது வாசலை நோக்கிச் சரிகின்றன. பின்வாசல் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து விழுபவரை விட்டுச் சக்கரம் விலகிச் செல்கிறது. முன்வாசலிலிருந்து விழுபவரை நோக்கியோ சக்கரம் வருகிறது. முன்வாசலின் கதவைப் பற்றி நாம் தனியே எழுதுவதற்கு இதுவே காரணம்.

தொங்கும் இளைஞர்களை அவர்கள் விதிப்படி விட்டுவிடலாமா? தெரிந்தே செய்கிறார்கள், இசைவு அவர்களுடையது என்பர். இழப்பீட்டு வழக்குகளில் படியில் நின்றவரின் கவனக்குறைவையும் கணக்கிட்டுத் தொகையைக் குறைக்கும் வழக்கம் உண்டு. அது காசுக் கணக்கு. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பதினாறு வயதுச் சிறுவனின் இசைவு எவ்வளவு எடை பெறும்? அந்த வயதில் கூட்டாளிகளின் சிரிப்பு மரணத்தைவிட நெருக்கமானது. பக்குவம் வராத பருவத்தார் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லாது என்று சொல்லும் நாம், உயிரைப் பணயம் வைப்பதை மட்டும் செல்லும் என்று ஏற்பது விந்தை. தினமும் காலையில் பத்துப் பிள்ளைகள் ஒரு கிணற்றின் விளிம்பில் நடக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, 'விழுந்தால் அவர்களே விழுவார்கள்' என்று சொல்லும் உரிமை மூடியைக் கையில் வைத்திருப்பவருக்கு இல்லை.

'நஸீபு' என்று சொல்லி முடித்துவிடுவோரும் உண்டு. அவர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனிடம் பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு என்று விடை கிடைத்த செய்தியை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். கதவு மூடுவது ஒட்டகத்தைக் கட்டுவது. தவக்குல் அதற்குப் பிறகு வருவது.

இனி அந்தத் தயவுக்கு வருவோம். ஓடிவந்தவருக்கு முகம் இருக்கிறது. அவர் வியர்வை தெரிகிறது, குரல் கேட்கிறது. கதவு மூடியிருந்தால் ஏமாறும் அவர் முகத்தை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தே ஆகவேண்டும். திறந்த கதவால் என்றோ ஒருநாள் விழப்போகிறவருக்கோ இன்னும் முகமில்லை, பெயருமில்லை. அவர் இன்றைக்கு வீட்டில் காலைப் பசியாறிக்கொண்டிருக்கலாம். மனிதனின் இரக்கம் கண்ணுக்கு எட்டிய தூரமே போகிறது. ஓட்டுநர் கொடுக்கும் சலுகை உண்மையானது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் அவரல்லர். இன்னொருவரின் உயிரிலிருந்து எடுத்துக் கொடுக்கும் இந்தத் தானத்துக்கு அந்த இன்னொருவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. வண்டியில் ஏறிய ஒவ்வொருவரும் தம்மை ஓர் அமானத்தாக அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளிலிருந்து அள்ளித் தருமம் செய்ய எந்த நம்பிக்கையாளருக்கும் உரிமையில்லை. நல்ல மனம் படைத்த ஓட்டுநரே இந்தத் தவறில் எளிதில் விழுகிறார் என்பதுதான் இதில் துயரமானது.

கதவை மூடும் ஓட்டுநரின் நிலையைப் பாருங்கள். வெளியே நிற்பவர் கதவைத் தட்டுகிறார், ஏசுகிறார். உள்ளே இருப்பவரும் "கொஞ்சம் திறந்தால் என்ன?" என்று முணுமுணுக்கிறார். கடமை தவறாத அந்த மனிதர் நாள் முழுவதும் கல்நெஞ்சர் என்ற பட்டத்தோடு வண்டி ஓட்டுகிறார். அவர் காத்த உயிர்கள் எத்தனை என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது; விழாதவர்கள் தாம் விழாமல் இருந்ததை அறிவதில்லை. நன்றியே கிடைக்காது என்று தெரிந்தும் ஒன்றைத் தொடர்ந்து செய்வது கடினம். அவரைக் கடிந்துகொள்ளும் கூட்டத்தில் பயணிகளாகிய நாமும் இருக்கிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

திறந்த வாசலைக் குற்றமாகக் கருதாமல் பெருமையாகவே போற்றிய நகரம் ஒன்று உண்டு. இலண்டனில் 1956 முதல் ஓடிய 'ரூட்மாஸ்டர்' என்னும் சிவப்பு நிற இரட்டைமாடிப் பேருந்துக்குப் பின்புறம் கதவில்லாத மேடை இருந்தது. நிறுத்தமில்லாத இடத்திலும் ஏறலாம், இறங்கலாம். அந்தச் சுதந்திரத்தை நகரத்தார் மிகவும் நேசித்தனர். 2005 டிசம்பரில் வழக்கமான தடங்களிலிருந்து அவ்வண்டிகள் விலக்கப்பட்டபோது பலர் வருந்தினர். அந்த ஏக்கத்தின் விளைவாக 2012இல் புதிய ரூட்மாஸ்டர் வந்தது. அதிலும் பின்புற மேடை அமைக்கப்பட்டது. ஆனால் அதைத் திறந்துவைத்து ஓட்ட ஒரு நிபந்தனை இருந்தது: மேடையைக் கவனிக்க ஒரு பணியாளர் அங்கே இருக்க வேண்டும். 2016இல் செலவு கருதி அப்பணியாளர்களை நீக்கியதும், ஓடும்போது அந்த வாசலைத் திறந்துவைக்கும் வழக்கமும் நின்றது. கண்காணிக்க ஒரு கண் இருந்தவரை கதவு திறந்திருந்தது. கண் போனதும் மூடப்பட்டது. அங்கேயும் விபத்து நேராமல் இல்லை. அதை முன்மாதிரி என்று நாம் காட்டவில்லை. நம் ஊரிலோ நடத்துநர் பெரும்பாலும் தம் இருக்கையில் அமர்ந்து சீட்டுக் கிழிக்கிறார்; ஓட்டுநரின் கண் சாலையில் இருக்க வேண்டும். திறந்த வாசலுக்குக் காவல் எவரும் இல்லை.

2012 டிசம்பரில் சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்தின் படியில் நின்று சென்ற மாணவர் நால்வர், பேருந்துக்கும் லாரிக்கும் இடையே நசுங்கி மாண்டனர். உயர்நீதிமன்றம் அதைத் தானாகவே எடுத்து விசாரித்தது. அப்போது மக்கள் கேட்ட முதற்கேள்வி, 'பிள்ளைகள் ஏன் படியில் நின்றார்கள்?' என்பது. இரண்டாவது கேள்வி, 'நிற்க இடமில்லாத வண்டியில் பிள்ளைகளை அனுப்பியது யார்?' என்பது. இரண்டாவதைக் கேட்டால் விரல் ஓட்டுநரைத் தாண்டி மேலே போகிறது. பள்ளி விடும் நேரத்துக்கு எத்தனை வண்டி என்று தீர்மானித்தவர், ஒரு நடைக்கு எத்தனை நிமிடம் என்று தாளில் எழுதியவர், பழுதான கதவைக் கயிற்றால் கட்டி வண்டியை வெளியே அனுப்பியவர் என அந்தக் கிணற்றைத் தோண்டிய கைகள் பல. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு முந்தைய தண்டனைச் சட்டத்தில் இரண்டாண்டு வரை இருந்த சிறை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஐந்தாண்டு வரை உயர்ந்திருக்கிறது. அந்தத் தண்டனை முதலில் தேடிச் செல்வது ஓட்டுநர் இருக்கையைத்தான்; அட்டவணை எழுதிய மேசை வரை அது போய்ச் சேர்வது அரிது.

2024 ஆகஸ்டு முதல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகளும், 2025 ஜூன் இறுதியிலிருந்து வியாசர்பாடிப் பணிமனையின் மின்பேருந்துகளும் தானியங்கிக் கதவுகளோடு ஓடுகின்றன. கதவு மூடினாலன்றி வண்டி நகராதபடி பூட்டும் அமைப்பும் இக்காலத்தில் உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. நன்மையை எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் மனிதனுக்கு அதில் என்ன சிறப்பு என்று கேட்கும் நண்பர்களை நாம் அறிவோம். ஓட்டுநரின் நெஞ்சுறுதி ஒவ்வொரு நிறுத்தத்திலும் சோதிக்கப்பட வேண்டும் என்று விரும்புவோர், அந்தச் சோதனையில் அவர் தோற்கும் நாளில் படியில் நிற்பவர் தம் பிள்ளையாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். பூட்டு இருப்பதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் பூட்டு வந்தாலும் ஓடிவருபவர் வெளியேதான் நிற்பார். அவருக்கு அந்தத் தயவு கிடைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கதவில் காட்டியதை நேரத்தில் காட்டலாம். நிறுத்தத்தில் இன்னும் பத்து வினாடி நின்று அவரை ஏற்றிக்கொண்டு, கதவை மூடிப் புறப்படலாம். மூதாட்டி வண்டி நின்ற பிறகே இருக்கையை விட்டு எழலாம். அவர் இறங்கி நடைபாதையில் கால் வைக்கும்வரை ஓட்டுநர் காத்திருக்கலாம். அதற்கு வேண்டிய நிமிடங்களைப் பணிமனையில் அட்டவணை எழுதுவோர் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.